பெட்டியில்தான் வைத்தேன்

அந்த நாடகத்தில் எனக்குக் கொலையாகிறவர் வேஷம். முதல் காட்சியில் ஒன்பது வசனம் பேசுவேன். விளக்கு அணைந்து திரும்ப எரியும்போது மேஜைக்குப் பக்கத்தில் விழுந்து கிடப்பேன். இரண்டாம் காட்சி முழுக்க அப்படியே கிடக்க வேண்டும். "உனக்கு நடிக்க வராதுய்யா, ஆனா அசையாம இருக்க வரும்" என்று சொல்லித்தான் வாத்தியார் அந்த வேஷத்தைக் கொடுத்தார்.

சுனாமி வந்துபோன அடுத்த வருஷம் அது. நாங்கள் எட்டுப் பேர். எல்லோரும் எங்கெங்கோ வேலை பார்த்துவிட்டு, மிச்சமாகும் நேரத்தில் நாடகம் போடுகிறவர்கள். நான் அரசாங்க அலுவலகத்தில் கிளார்க்காக இருந்தேன். எங்களை நடத்தியவர் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தார், அதனால் எல்லோருக்கும் அவர் வாத்தியார். முத்தியால்பேட்டைப் பக்கம் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒரு வகுப்பறையை எங்களுக்குத் திறந்துவிடுவார்கள். குழந்தைகள் உட்காரும் பெஞ்சுகளை ஓரமாகத் தள்ளிவிட்டு ஒத்திகை பார்ப்போம்.

அந்த வருஷம் வாத்தியார் ஒரு பழைய இங்கிலீஷ் துப்பறியும் நாடகத்தைத் தமிழில் எழுதிக்கொண்டு வந்தார். பனி பெய்யும் ஊரில் நடக்கிற கதையைப் புதுச்சேரி பங்களாவுக்குக் கொண்டுவந்துவிட்டார். வீட்டுக்காரர் செத்துக் கிடக்கிறார். வீட்டிலிருக்கும் ஐந்து பேரில் ஒருவர்தான் கொன்றவர். துப்பறிய வருகிறவர், செத்தவரின் கோட்டிலிருந்து நின்றுபோன ஒரு சங்கிலிக் கடிகாரத்தை எடுத்து மணி பார்க்கிறார். அந்த மணியை வைத்துத்தான் கதையே போகிறது.

துப்பறிகிறவராக நடித்தவர் கோர்ட்டில் வேலை பார்த்தார். அவரைக் கோர்ட்காரர் என்போம். குரல் நன்றாக இருக்கும். வீட்டு வேலைக்காரராக நடித்தவரை மில்காரர் என்போம். அவர் இருபது வருஷம் மில்லில் தறி ஓட்டியவர். மில்லில் ஆளைக் குறைத்தபோது வெளியே வந்து, தட்டாஞ்சாவடியில் ஜன்னல் கிராதி செய்கிற பட்டறையில் சேர்ந்திருந்தார். எங்களில் உண்மையாகவே நடிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான் என்று இப்போது தோன்றுகிறது. காபிக் கோப்பையை வைத்துவிட்டுப் போகிற ஒரு காட்சியில், அந்தக் கோப்பை சூடாக இருப்பதை விரலாலேயே காட்டிவிடுவார். நாடகச் சாமான்களைப் பார்த்துக்கொள்வதும் அவர்தான். ஒரு தகரப் பெட்டியில் எல்லாவற்றையும் போட்டு, சைக்கிள் கேரியரில் கட்டிக் கொண்டுவருவார், கொண்டுபோவார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் அண்ணே என்பேன், அவர் தம்பி என்பார்.

கோட்டும் கடிகாரமும் கிடைத்தது ஒரு சொல்தா வீட்டிலிருந்து. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். அவர் இறந்துபோய்ப் பல வருஷம். அவர் மனைவி வாத்தியாருக்குத் தெரிந்தவர். முழங்காலுக்குக் கீழே வரும் கனமான கம்பளிக் கோட்டையும், கணவர் சைகோனில் வாங்கிய கடிகாரத்தையும் எடுத்துக் கொடுத்தார். "அது ஓடாது மிஸ்யே. ஆனா பத்திரமா குடுத்துடுங்க. அவர் கைபட்டது அது ஒண்ணுதான் மிச்சம்" என்றாராம்.

அவற்றைக் கொண்டுவந்த ஞாயிறு எங்களுக்குத் திருவிழா மாதிரி இருந்தது. ஆளாளுக்குக் கடிகாரத்தை வாங்கி மூடியைத் திறந்து மூடினார்கள். நான் கோட்டைப் போட்டுக்கொண்டு, கடிகாரத்தைப் பையில் வைத்துக்கொண்டு, ஒரு தடவை விழுந்து காட்டினேன். ஒருவர் போட்டோ எடுத்தார். சித்திரை வெயில், கரண்ட் வேறு போய்விட்டது. கோட்டுக்குள் நனைந்து போனேன். கழற்றி வாத்தியாரிடம் கொடுத்துவிட்டு, முகம் கழுவிக்கொண்டு டீ குடிக்கப் போனேன். அவ்வளவுதான் அன்றைக்கு நடந்தது. வெயில் குறைகிற வரைக்கும் கோட்டை ஒத்திகைக்குக் கொண்டுவர வேண்டாம் என்று வாத்தியார் தன் வீட்டு பீரோவில் வைத்துவிட்டார்.

மூன்று வாரம் கழித்துத்தான் கடிகாரத்தைத் தேடினோம். கோர்ட்காரர், கடிகாரத்தைக் கையில் வைத்துப் பழக வேண்டும் என்றார். மில்காரர் பெட்டியைத் திறந்து ஒவ்வொரு சாமானாக வெளியே எடுத்து வைத்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"தம்பி, வாட்ச் உங்ககிட்டயா இருக்குது?"

"என்கிட்ட இல்லியே அண்ணே."

வாத்தியார் உடனே ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய், கோட்டுப் பைகளில் கைவிட்டுப் பார்த்துவிட்டு வந்தார். இல்லை என்றார். அந்த அம்மாவுக்கு என்ன பதில் சொல்வது என்று தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

அப்போது கோர்ட்காரர் எழுந்தார். "எல்லாரும் உக்காருங்க. ஒவ்வொருத்தரா கேட்டுடுவோம்" என்றார். முதலில் அதை விளையாட்டாகத்தான் செய்தார். மூன்றாம் காட்சியில் எல்லோரையும் உட்காரவைத்துக் கேட்கும் அதே நடை, அதே குரல். இரண்டு பேர் சிரிக்கக்கூடச் செய்தார்கள். என் முறை வந்தபோது யாரும் சிரிக்கவில்லை.

"கடைசியா வாட்ச் யார் கையில இருந்துச்சி?"

"என் கையில."

"கோட்டக் கழட்டறப்போ அதை எடுத்தியா, இல்லியா?"

எனக்கு ஞாபகம் இல்லை. இதுதான் உண்மை. வியர்வையும் டீயும்தான் ஞாபகம் இருந்தன. ஏழு பேரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தெரியவில்லை என்று சொன்னால் என்னைத்தான் சந்தேகப்படுவார்கள் என்று பயந்தேன்.

"எடுத்தேன். பெட்டியிலதான் வெச்சேன்."

"நல்லா ஞாபகம் இருக்கா?"

"இருக்குது."

கோர்ட்காரர் மில்காரர் பக்கம் திரும்பினார். "பெட்டி உங்க வீட்டுலதான இருக்குது?"

"ஆமாங்க."

"பூட்டுவீங்களா?"

"பூட்டறது இல்ல."

"வீட்டுல யார் யார் இருக்காங்க?"

மில்காரர் என்னைப் பார்த்தார். கோபம் இல்லை அந்தப் பார்வையில். ஏதோ கணக்குப் போடுகிற மாதிரி ஒரு பார்வை. மறுபடி கேட்டார்கள். பேசாமல் நின்றார். அந்த மௌனத்தைத்தான் நாங்கள் எல்லோரும் பதிலாக எடுத்துக்கொண்டோம். சற்று நேரத்தில் அவர் குனிந்து, வெளியே எடுத்த சாமான்களைப் பெட்டியில் அடுக்கி மூடி, வாத்தியார் காலடியில் வைத்துவிட்டு வெளியே போனார். சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டிவிடும் சத்தம் கேட்டது.

அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. வேலைக்காரர் வேஷத்துக்கு வேறு ஆள் பிடித்தார்கள். போய்ப் பார்க்கலாமா என்று நான் ஒருமுறை கேட்டேன். "அவரா வரட்டும். போனா நாமளே மன்னிச்சிட்ட மாதிரி ஆயிடும்" என்றார் வாத்தியார். பட்டறை முதலாளி கோர்ட்காரருக்குத் தெரிந்தவர். மில்காரர் ஏன் நடிக்கவில்லை என்று முதலாளி கேட்டிருக்கிறார், கோர்ட்காரர் காரணத்தைச் சொல்லியிருக்கிறார். கொஞ்ச நாள் கழித்து மில்காரர் பட்டறையில் இல்லை என்று கேள்விப்பட்டோம். அதைப் பற்றி யாரும் பேசவில்லை. பெரிய மார்க்கெட்டில் ஒரு பழைய சாமான் கடையில் ஒரு பொம்மைக் கடிகாரம் வாங்கி, பித்தளைப் பெயின்ட் அடித்து வைத்துக்கொண்டோம்.

அந்த நாட்களில் என் மனம் சரியாக இல்லை. ஆபீஸில் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு அந்த ஞாயிறை நினைத்துப் பார்ப்பேன். பெட்டியைத் திறந்தேனா? மூடியின் தகரம் கையில் பட்டதா? ஒன்றும் வராது. ஆனால் சொல்லிவிட்டதைத் திருப்பி எடுக்க எனக்குத் துணிவு வரவில்லை. நாள் போகப்போக, பெட்டியில் வைத்த மாதிரியே ஒரு ஞாபகம்கூட எனக்கு உண்டாகிவிட்டது. மூடியைத் திறப்பதும், துணிக்கு மேல் அதை வைப்பதும் கண்ணில் தெரிந்தன. அப்படித் தெரிந்ததும் நிம்மதியாக இருந்தது.

நாடகம் ஆடி மாதக் கடைசியில் நடந்தது. மாலை ஆறரைக்கு ஆரம்பம். அன்றைக்குத்தான் கோட்டைத் திரும்பவும் போட்டேன். மேடைக்குப் பின்னால் நடந்துபோகும்போது என்னவோ முழங்காலில் இடித்தது. இரண்டு எட்டு வைத்தேன், மறுபடி இடித்தது. கோட்டின் கீழ் ஓரத்தைப் பிடித்துத் தடவினேன். உள்துணிக்கும் கம்பளிக்கும் நடுவில் வட்டமாக ஏதோ இருந்தது. பைக்குள் கைவிட்டேன். அடியில் தையல் விட்டுப்போய், இரண்டு விரல் நுழையும் ஓட்டை. ஊக்கால் கீழ்த் தையலைக் கிழித்தேன். சங்கிலியோடு கடிகாரம் கையில் வந்தது.

வாத்தியார் பத்தடி தூரத்தில் யாருக்கோ மீசை ஒட்டிக்கொண்டிருந்தார். கூப்பிட்டிருக்கலாம்.  பொம்மைக் கடிகாரத்தை எடுத்து ஒரு மூலையில் வைத்துவிட்டு, உண்மையான கடிகாரத்தைக் கோட்டின் இன்னொரு பையில் போட்டுக்கொண்டு மேடைக்குப் போனேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். வாயால் சொல்ல முடியாததைக் கோர்ட்காரர் கையாவது எடுக்கட்டும் என்று நினைத்தேனோ என்னவோ.

ஒன்பது வசனத்தையும் சொன்னேன். விளக்கு அணைந்தது. விழுந்து கிடந்தேன். இரண்டாம் காட்சியில் கோர்ட்காரர் வந்து என் பக்கத்தில் மண்டியிட்டார். பையில் கைவிட்டார். "மணி ஒன்பது பத்து" என்று அவர் சொல்ல வேண்டும். சொல்லவில்லை. அவர் மூச்சு மாறுவது எனக்குக் கேட்டது. திரைக்குப் பின்னாலிருந்து வசனத்தை எடுத்துக் கொடுத்தார்கள். அப்போதும் பேசவில்லை. கண்ணைத் திறக்காமல் கிடந்தேன். செத்தவனாக இருப்பது அன்றைக்கு எனக்குச் சௌகரியமாக இருந்தது. கடைசியில் "ஒன்பது பத்து" என்று அவர் சொன்னபோது அது அவர் குரலே இல்லை. சபையில் ஒருவர் கைதட்டினார், பிறகு பலர் தட்டினார்கள். அந்த இடைவெளியை அவர்கள் நடிப்பு என்று நினைத்துவிட்டார்கள்.

முடிந்தபிறகு, வேஷத்தைக்கூடக் கலைக்காமல் கோர்ட்காரர் என்னை ஓரமாக இழுத்தார்.

"எங்கய்யா இருந்துச்சி?"

"லைனிங்ல."

"பெட்டில வெச்சேன்னு சொன்ன?"

"சொன்னேன்."

 "நான் கேட்ட கேள்வி அப்படி" என்று சொல்லிவிட்டு, ஒட்டுத்தாடியைப் பிய்த்துக்கொண்டு போய்விட்டார். விஷயம் தெரிந்ததும் வாத்தியார், மூன்று பேரும் சேர்ந்துபோய் மில்காரரைப் பார்த்துவிடலாம் என்றார். மறுநாள் அவருக்குப் பள்ளிக்கூடத்தில் பரீட்சை. அதற்கு மறுநாள் கோர்ட்காரருக்கு முடியவில்லை. நான்காம் நாள் நான் மட்டும் போனேன்.

வீடு சண்முகாபுரத்தில். அவர் மனைவி கதவைத் திறந்தார். பழைய நாடகங்களுக்கு வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார், எனக்கு நன்றாகத் தெரியும்.

"அண்ணி, அண்ணன் இருக்காரா?"

"வேலைக்குப் போயிருக்காரு. சேதராப்பட்டுல. கம்பெனி வாசல்ல செக்யூரிட்டி."

"வாட்ச் கெடச்சிடுச்சி அண்ணி. கோட்டுலயே இருந்துச்சி. நான்தான் தப்பா சொல்லிட்டேன்."

அவர் கதவைப் பிடித்தபடி நின்றார். உள்ளே வாங்க என்று சொல்லவில்லை. "கெடச்சிடுச்சா?" என்று மட்டும் கேட்டார். பிறகு அழ ஆரம்பித்தார். ஏன் அப்படி அழுகிறார் என்று எனக்கு அப்போது புரியவில்லை. அவரே கதவைச் சாத்திக்கொண்டார்.

சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலை வாசலில் மில்காரரைப் பார்த்தேன். நீலச் சட்டை, தொப்பி. அளவு பெரியதாக இருந்ததால் தொப்பி காதுவரை இறங்கியிருந்தது. வேப்பமரத்தடிக்கு வந்தார். நடந்ததைச் சொன்னேன்.  மன்னிச்சிடுங்க என்றேன்.

"அன்னிக்கு நீங்க பெட்டில வெச்சேன்னு சொன்னப்போ நான் நம்பிட்டேன் தம்பி. நீங்க பொய் சொல்ற ஆளு இல்லன்னு தெரியும். அப்போ வீட்டுலதான காணாமப் போயிருக்கணும்? வீட்டுல யாரு? நான், அவ, அவ தம்பி."

மனைவியின் தம்பி முப்பது வயது ஆள். குடிப்பழக்கம் உண்டு. முன்பு வீட்டிலிருந்து ஒரு குத்துவிளக்கையும் இரண்டு பித்தளைக் குடத்தையும் எடுத்துப்போய் விற்றவர். கேட்ட கேள்விக்கு மில்காரர் வாய் திறக்காமல் நின்றது அவரை நினைத்துத்தான். அதை அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

"வீட்டுக்குப் போனேன். அவன் சாப்டுட்டு இருந்தான். பைய எடுத்துத் தலகீழாக் கொட்டுனேன். ஒண்ணுமில்ல. எங்கடா வித்தன்னு கேட்டேன். இல்ல மாமா, சத்தியமா எடுக்கலன்னான். சட்டையப் புடிச்சி வெளிய தள்ளுனேன். தட்டுல பாதி சோறு அப்பிடியே கெடந்துச்சி. அன்னிலேருந்து அவ என்னோட பேசறதில்ல. சோறு போடறா. பேசறதில்ல."

"இப்ப எங்க இருக்காரு அவரு?"

"திண்டிவனத்துல லாரி ஷெட்டுல இருக்கான்னு ஒருத்தர் சொன்னாரு."

அடுத்த ஞாயிறு நாங்கள் இருவரும் திண்டிவனம் பஸ் ஏறினோம். நானும் வருகிறேன் என்று சொன்னபோது அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. மனைவி ஒரு தூக்கில் சோறும் மீன் குழம்பும் கொடுத்தனுப்பியிருந்தார். வழியெல்லாம் குழம்பு வாசனை. தூக்கை மில்காரர் மடியில் வைத்துக் கையால் அணைத்துப் பிடித்திருந்தார்.

இரண்டு ஷெட்டில் விசாரித்து மூன்றாவதில் கண்டுபிடித்தோம். ஒரு லாரிக்கு அடியிலிருந்து வெளியே வந்தார் அந்த மச்சான். மெலிந்த உடம்பு, கண் சிவந்திருந்தது. காலை பதினொரு மணிக்கே சாராய வாடை அடித்தது. நான் முந்திக்கொண்டு சொன்னேன்.

"தப்பு என் மேலதாங்க. வாட்ச் என் கோட்டுலதான் இருந்துச்சி. பெட்டில வெச்சேன்னு நான்தான் சொன்னேன்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க யாருன்னே எனக்குத் தெரியாது. உங்கமேல எனக்கு என்னா கோவம்?" மில்காரரைக் காட்டினார். "இவரு கேட்டாரு பாருங்க, அக்கா முன்னாடி. அதான். அப்போ நான் குடிய வுட்டு நாலு மாசம் ஆயிருந்துச்சி. அது இவருக்குத் தெரியும்."

மில்காரர் தலை குனிந்துகொண்டார். "வீட்டுக்கு வாடா" என்றார். 

"வர்ல மாமா."

"அக்கா அழுவுறா."

"சொல்லுங்க, நல்லா இருக்கேன்னு."

தூக்கை வாங்கி அங்கேயே ஒரு டயர் மேல் உட்கார்ந்து சாப்பிட்டார். அவசரமாக, தலை நிமிராமல், ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். குழாயடிக்குப் போய்த் தூக்கை மண் போட்டுத் தேய்த்துக் கழுவி, தண்ணீரை உதறி மாமன் கையில் கொடுத்தார். பிறகு லாரிக்கு அடியில் போய்விட்டார். நாங்கள் கொஞ்ச நேரம் நின்றோம். கால் மட்டும் வெளியே தெரிந்தது. கூப்பிட்டுப் பார்த்தோம், வரவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் மில்காரர் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தார். கிளியனூர் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. ஷட்டரை இறக்கவில்லை, சாரல் அவர் தோளை நனைத்துக்கொண்டே வந்தது. நான் பட்டறை முதலாளியைப் பார்த்துப் பேசட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையசைத்தார். அடுத்த நாடகத்துக்கு வாங்க அண்ணே என்று சொல்ல நினைத்தேன், சொல்லவில்லை. கோரிமேட்டில் இறங்க எழுந்தார்.

"வரேன் சார்" என்றார்.

அவர் என்னை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

வாத்தியார் கடிகாரத்தைக் கொண்டுபோய் அந்த அம்மாவிடம் கொடுத்துவிட்டார். காணாமல் போனதே அவருக்குத் தெரியாது. மெர்சி என்று பிரெஞ்சில் நன்றி சொல்லி, நாடகம் நன்றாக நடந்ததா என்று விசாரித்தாராம். நாங்கள் அதற்குப் பிறகு ஒரே ஒரு நாடகம் போட்டோம், அதுவும் பாதிப் பேர் வராமல் நின்றுபோனது. கோர்ட்காரர் நடிப்பதையே விட்டுவிட்டார். மச்சான் அந்த வருஷத் தீபாவளிக்கு வந்து, அக்காவைப் பார்த்துவிட்டு அன்றைக்கே போய்விட்டார் என்றும், பிறகு திண்டிவனத்திலும் இல்லை என்றும் கேள்விப்பட்டேன். எங்கே போனார் என்று யாருக்கும் தெரியவில்லை. நான் சண்முகாபுரம் பக்கம் போகும்போதெல்லாம் மில்காரர் வீட்டு வழியாகத்தான் போவேன். கதவு திறந்திருக்கும். உள்ளே டிவி ஓடும். இருவரும் இரண்டு மூலையில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். சைக்கிளை நிறுத்த வேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் நினைப்பேன்.